ஹெரெராசாரஸை வரையப் பழகியது இப்படித்தான்

தொல்லுயிர் ஓவியம் பழக வருபவர்கள் பெரும்பாலும் டைரனோசாரஸில்தான் கை வைப்பார்கள். எனக்கு அதைவிடச் சுமார் 16 கோடி ஆண்டு மூத்த ஹெரெராசாரஸ் மேல்தான் ஆசை. இன்றைய அர்ஜென்டினாவின் இஸ்சிகுவாலாஸ்டோ பகுதியில் திரிந்த வேட்டை டைனோசர் அது. அங்கே ஆடு வளர்த்துவந்த விக்டோரினோ ஹெரெராதான் 1959-ல் அதன் எலும்புகளை முதலில் பார்த்தார். 1963-ல் அவர் பெயரே அதற்கு வந்தது.

என் முதல் ஆறு படங்களும் தப்பு. பிறர் வரைந்த ஓவியங்களைப் பார்த்து வரைந்ததால் அவர்கள் பிழையும் சேர்ந்தே வந்தது. 1988-ல் முழு மண்டையோடு கிடைக்கும்வரை இதன் முகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு முந்தைய படங்களில் தலை வெறும் ஊகம். தொல்லுயிரியலாளர்கள் பால் செரினோவும் ஃபெர்னாண்டோ நோவாஸும் 1993-ல் வெளியிட்ட ஆய்வுகளில் உள்ள எலும்புப் படங்களுக்கு மாறிய பிறகுதான் வழி தெரிந்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். எலும்புக்கூட்டை அச்செடுத்து, மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்து, முதலில் தசையை மட்டும் வரையுங்கள். தோல் அப்புறம்.

அதிகம் தவறுவது கையில்தான். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கூடாது. நாம் கை தட்டப் போகும்போது இருப்பதுபோல் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். விரல்கள் ஐந்து, ஆனால் நீளமாக நகத்தோடு இருப்பவை மூன்றுதான். மற்ற இரண்டும் சிறுத்துப்போனவை. வாலைப் பாம்புபோல் நெளியவிடாதீர்கள். அதன் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று கோத்து விறைப்பாக இருக்கும். வாலின் அடிப்பகுதியைத் தடிமனாகப் போடுங்கள், தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெரிய தசை அங்கிருந்துதான் வருகிறது. இதைப் போட்ட அன்றுதான் என் விலங்கு முதன்முறையாக ஓடுவதுபோல் தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கண்குழி முழுவதையும் கண்ணாக்கிவிடாதீர்கள். அதனுள் இருக்கும் எலும்பு வளையத்தின் நடுத் துளை அளவுக்குத்தான் கண் வெளியே தெரியும். கீழ்த்தாடையின் நடுவே ஒரு மூட்டு உண்டு, இரையை நழுவவிடாமல் பிடிக்க உதவுவது. கன்னத்தை வரையும்போது அதை மனதில் வையுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். தோல் அச்சு எதுவும் கிடைக்கவில்லை. நிலம் அப்படியல்ல. காலடியில் புல் வரைந்திருந்தேன், முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. ஹெரெராசாரஸ் வாழ்ந்த ட்ரையாசிக் காலத்தில் புல்லும் இல்லை, பூவும் இல்லை. பெரணிகள், குதிரைவால் செடிகள், ஊசியிலை மரங்கள், ஆற்று மணல் இவை போதும். ரிங்கோசார் என்ற தாவர உண்ணியை இரையாகக் காட்டலாம். ஆனால் ஹெரெராசாரஸை அந்தக் காட்டின் ராஜாவாக்காதீர்கள். முதலை வழியில் வந்த சாரோசூகஸ் அதைவிடப் பெரிய வேட்டைக்காரன். என் கடைசிப் படத்தில் அது தொலைவில் நிற்கிறது, ஹெரெராசாரஸ் இரையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

இப்போது மேசையில் இருப்பது அதன் உறவினர்: தெலங்கானாவின் மலேரி பாறைகளில் கிடைத்து 2025-ல் பெயர் பெற்ற மலேரிராப்டர். இடுப்பெலும்பும் சில முள்ளெலும்புகளும்தான் இருக்கின்றன. மீதியை ஹெரெராசாரஸிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.