சரியென்று காட்டிய பொய்

அடுப்பிலிருந்து எடுத்த கோழி நெஞ்சுக்கறி நார்நாராகக் காய்ந்துபோவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கோழிக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும் என்பார்கள். நானும் தெர்மாமீட்டரைக் குத்தி, முள் 74-ஐத் தொட்ட பிறகுதான் எடுப்பேன். அப்படியும் விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது.

என்னுடையது வட்ட டயலும் நீளக் கம்பியும் உள்ள பழைய ரகம். சந்தேகம் அதன் மேல் திரும்பியதும் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு, கம்பியை விட்டுப் பார்த்தேன். முள் 1-இல் நின்றது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒன்று, அவ்வளவுதானே! தெர்மாமீட்டர் நல்லதுதான், கோளாறு என் சமையலில் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த கோழியும் காய்ந்தது.

இந்த முறை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கம்பி பாத்திரத்தின் அடியில் படாமல் பிடித்தேன். 96. கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போக, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆனால் என் வீடு நூறு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. அப்படியானால் தெர்மாமீட்டர் நாலு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. நான் 74 என்று எடுத்ததெல்லாம் 78. சரி, பிறகு ஐஸில் மட்டும் ஏன் ஒழுங்காகக் காட்டியது?

கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. நான் வைத்தது ஐஸ் மிதக்கும் தண்ணீர். ஐஸ் மேலே கிடக்கும். கலக்காமல் விட்டால் அடியில் இருக்கும் தண்ணீர் நாலைந்து டிகிரியிலேயே நிற்கும், ஏனென்றால் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் 4 டிகிரியில்தான். அந்த 5 டிகிரித் தண்ணீரை என் தெர்மாமீட்டர் நாலு குறைத்து 1 என்று காட்டியிருக்கிறது. இரண்டு தப்பும் சேர்ந்து ஒன்றை ஒன்று மறைத்துவிட்டன.

அதனால் மறுபடி, ஒழுங்காக. ஐஸைத் துணியில் சுற்றி நொறுக்கி, உயரமான டம்ளரில் விளிம்புவரை அடைத்தேன். அப்புறம் இடுக்குகளை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். உப்பு ஒரு துளிகூடக் கூடாது, கலந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். நன்றாகக் கலக்கி மூன்று நிமிடம் விட்டு, நடுவில் கம்பியை இறக்கினேன். எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம். டயல் ரகத்தில் கம்பியில் ஒரு சின்னக் குழி இருக்கும். நுனியிலிருந்து அந்தக் குழிவரை, கிட்டத்தட்ட 5 செ.மீ., முழுவதும்தான் வெப்பத்தை உணர்கிறது. மெல்லிய கறித்துண்டில் மேலிருந்து குத்தினால் பாதி கம்பி காற்றில் நிற்கும். பக்கவாட்டில் குத்த வேண்டும். இத்தனை நாள் இது தெரியாமல்தான் இருந்திருக்கிறேன்.

முள் இப்போது பூஜ்யத்துக்குக் கீழே நாலு கோடு இறங்கி நின்றது. சந்தோஷமாகவே இருந்தது.

டயலுக்கு அடியில் ஒரு நட் இருக்கும். கம்பியை ஐஸிலேயே வைத்து, நட்டைக் குறடால் பிடித்து டயலைத் திருப்ப வேண்டும். முதலில் அசையவில்லை, அழுத்தித் திருப்பியதும் விருட்டென்று 3-க்குத் தாவியது. திரும்ப இழுத்தால் மைனஸ் 2. நகக்கண் அளவு நகர்த்தி நகர்த்தி, ஐந்தாவது தடவை பூஜ்யத்தில் நின்றது. பிறகு கொதிநீரில் 100-ஐ ஒட்டி வந்தது. ஒரு முனையில் சரியாகி மறுமுனையில் விலகியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், நட்டைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

அதே சூட்டில் அக்காவின் டிஜிட்டலையும் வாங்கிப் பார்த்தேன். ஐஸில் 2, கொதிநீரில் 102. அதில் நட்டும் இல்லை, திருத்தும் பட்டனும் இல்லை. பின்பக்கம் ஒரு டேப் ஒட்டி, "2 கழி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.