வேகம் இருந்தும் சென்னை ஏன் தொலைவாகிறது?

இணையம் மெதுவாக இருக்கிறது என்றால் வேகச் சோதனைத் தளத்தைத் திறப்பதே மொரீஷியஸில் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அத்தளங்கள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சர்வரையே தேர்ந்தெடுத்து அளக்கின்றன. ஆகவே வேகம் சிறப்பாகக் காட்டப்படும் அதே நேரத்தில், சென்னையிலிருந்து ஆசிரியர் நடத்தும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பில் குரல் அறுந்து அறுந்து வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. எங்கே தடை என்று அறிய, கணினியிலேயே இருக்கும் பிங், டிரேஸ்ரூட் என்ற இரண்டு பழைய கருவிகளையே நான் நம்புகிறேன்.

பிங், அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. அது ஒரு சிறு தரவுப் பொதியை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று சொல்லும். முதலில் வீட்டு ரவுட்டருக்கே அனுப்பிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் நான்கு பொதிகளோடு நிறுத்திக்கொள்ளும். அது போதாது, எண்ணிக்கையை நூறாக உயர்த்துவது நல்லது. கேபிளில் இணைத்தால் ஒரு மில்லிவினாடிக்குள் வரும் பதில், வைஃபையில் நூறைத் தாண்டினாலோ வராமலே போனாலோ, குறை வீட்டுக்குள்தான். 1960இல் வீசிய கரோல் புயலுக்குப் பின் கான்கிரீட் வீடுகள் பெருகிய தீவு இது. புயலைத் தாங்கும் சுவர் வைஃபையையும் தாங்கி நிறுத்திவிடுகிறது.

வீட்டைக் கடந்த பிறகு கணக்கு மாறுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். இங்கிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் என்பதால், போய்வரக் குறைந்தது 45 மில்லிவினாடி ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதற்குக் கீழே இறங்காது. 2002இல் இயங்கத் தொடங்கிய சேஃப் கடலடிக் கேபிள் தென்னாப்பிரிக்கா, ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் செல்கிறது. ஆனால் கேபிள் இருப்பதாலேயே நம் பொதி அதில் ஏறிவிடாது. எந்த வழியில் அனுப்புவது என்பதை நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. சென்னை சர்வரின் பதில் 200 மில்லிவினாடியைத் தாண்டினால், பொதி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு இந்தியா சேர்கிறதோ என்று ஐயுற இடமுண்டு. சோதிக்கும் முகவரியிலும் கவனம் வேண்டும்: பலரும் பயன்படுத்தும் கூகுளின் 8.8.8.8 உலகின் பல இடங்களிலிருந்து பதில் தருவது, ஆகையால் அது சென்னையின் தொலைவைக் காட்டாது.

அந்த ஐயத்தைத் தீர்ப்பது டிரேஸ்ரூட், விண்டோஸில் டிரேஸர்ட். ஒவ்வொரு பொதியிலும் இத்தனை ரவுட்டர்களை மட்டுமே தாண்டலாம் என்ற எண் எழுதப்பட்டிருக்கும். அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி அனுப்பும்போது, எண் தீரும் இடத்திலுள்ள ரவுட்டர் பொதியைக் கைவிட்டுவிட்டுச் செய்தி அனுப்புவதால், வழி படிப்படியாக, ரவுட்டருக்கு ஒரு வரியாகத் திரையில் வெளிப்படும். ரவுட்டர்களின் பெயர்களில் சில நேரம் ஊரின் சுருக்கம் ஒளிந்திருக்கும். இரண்டு வரிகளுக்கிடையே தாமதம் சட்டென்று உயர்ந்து, அதற்குப் பின்னும் குறையாமலே இருந்தால் அங்கே பொதி கடல் தாண்டியிருக்கலாம். நடுவில், பதில் வரவில்லை என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறிகள் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் பல ரவுட்டர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் தராமலோ தாமதமாகத் தந்தோ தம் வேலையைக் கவனிப்பவை. கடைசி வரியில் பதில் ஒழுங்காக வந்தால் நடுவிலுள்ள நட்சத்திரங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நிறுவனத்திடம் முறையிடும்போது, கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்துக் காலையிலும் இரவு நெரிசல் நேரத்திலும் எடுத்த இரண்டு அளவீடுகளையும் சேர்த்து அனுப்பினால், ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற பதிலோடு அவர்கள் நிறுத்திக்கொள்வது கடினம். அதற்கு முன் இன்னொன்றையும் பார்க்கலாம். கைப்பேசி படங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போது பிங் எண் பலமடங்கு ஏறி, அது முடிந்ததும் இறங்கினால், பொதிகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன என்று பொருள். வகுப்பு முடியும்வரை பதிவேற்றத்தை நிறுத்தி வைத்தாலே குரல் சீராகிவிடும்.