பியூரெட் சொன்ன பொய்

100 மில்லி கொள்ளளவுள்ள வளையத்தில் கொஞ்சம் செம்மண். அது நீரை எப்படிப் பிடிக்கிறது, எப்படிக் கடத்துகிறது என்ற இரண்டையும் ஒரே சோதனையில் எடுத்துவிடலாம் என்றுதான் முதுகலை ஆய்வில் இறங்கினேன். இரண்டு வாரம் என்று போட்ட கணக்கு இரண்டு மாதம் இழுத்தது.

கேட்கச் சுலபமான வேலைதான். மண்ணை அடியிலிருந்து ஊறவைத்து, பீங்கான் தட்டின்மேல் உட்காரவைத்து, மேலே காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். 20, 50, 100 என 700 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தம் வரை படிப்படியாக ஏற்றினால், வடியும் நீர், அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் சேரும். நேரமும் அளவும் ஹைட்ரஸ்-1டி மென்பொருளுக்குப் போகும். அது மண்ணுக்குள் நீர் நகர்வதை விவரிக்கும் ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்த்து, எந்த அழுத்தத்தில் மண் எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்று காட்ட வான் கெனுக்டன் 1980இல் தந்த சூத்திரத்தின் மாறிலிகளைத் தேடும்.

முதல் சுற்றில் 400 செ.மீ. படியில் பியூரெட்டில் நீர் ஏறுவது நிற்கவே இல்லை. சந்தேகப்பட்டு வளையத்தை எடைபோட்டுப் பார்த்தேன். மண் இழந்தது 22 கிராம். பியூரெட்டில் 25 மில்லி! அழுத்தத்தில் நீரில் கரைந்த காற்று, தட்டைத் தாண்டியதும் குமிழியாகி, அடியில் இருந்த நீரைத் தள்ளியிருக்கிறது. அடுத்த சுற்றில் தினமும் காலையில் குமிழியை வெளியேற்றுவதே முதல் வேலை.

அப்புறம்தான் பெரிய தலைவலி. கணக்கிட்ட கோடு அளவீட்டுப் புள்ளிகளின்மேல் அழகாகப் படிந்தது. ஆனால் அந்த மாறிலிகளில் ஒன்றான, மண் எவ்வளவு சீக்கிரம் நீரை விடத் தொடங்கும் என்று காட்டும் ஆல்ஃபாவின் தொடக்க மதிப்பை 0.075இலிருந்து 0.036ஆக மாற்றினால் வேறு விடை, அதே அழகு. ஆல்ஃபா ஏறினால் கடத்துத்திறனும் கூடவே ஏறி ஈடுகட்டிவிடுகிறது. "தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு மட்டும் சொன்னா அது என்ன பண்ணும்? மண்ணுக்குள்ள அழுத்தம் என்னன்னும் சொல்லு," என்றார் ஆய்வகத்து அக்கா. வளையத்தின் பக்கவாட்டில் துளையிட்டு, மண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் சின்ன டென்சியோமீட்டர் செருகினோம். பீங்கான் தட்டின் தடையைத் தனியே அளந்து, இன்னோர் அடுக்காகச் சேர்த்தேன். எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே விடை.

ஒன்று மட்டும் உறுத்தியது. நீர்மட்டம் இறங்கும் முறையில் முன்பே அளந்த செறிவுநிலை (மண் முழுக்க ஊறிய நிலை) கடத்துத்திறனில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் வந்தது. கடைசியில், மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து உடைத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு புல்வேர் விட்டுப்போன, சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை. அவ்வளவு பெரிய துளை 3 செ.மீ. அழுத்தத்திலேயே காலியாகிவிடும். என் முதல் படியே 20; அதனால் அந்தத் துளை என் கணக்கின் கண்ணில் படவே இல்லை.