தமிழ் விவிலிய வரலாற்றுத் தாள்: நான் படித்த முறை

இறையியல் படிப்பில் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாறு என்றதும் பலரும் 1715, 1728, 1796, 1871 என்று ஆண்டுகளை உருப்போடத் தொடங்குகிறார்கள். தேர்வறையில் அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும். நான் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: இது மக்கள் கைக்குப் போய்ச் சேர எது தடையாக இருந்தது?

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1706-இல் தரங்கம்பாடி வந்தவர், புதிய ஏற்பாட்டை 1711-இலேயே மொழிபெயர்த்து முடித்துவிட்டார். அச்சில் முழுமையாக வந்ததோ 1715-இல்தான். இந்த இடைவெளிதான் பாடமே. ஓலையில் படியெடுத்தால் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? லண்டனிலிருந்து அச்சுப்பொறியும் தாளும் வந்தன. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால், அதே அளவில் அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இதைப் புரிந்துகொண்டால் 1715-ஐ மறக்கவே முடியாது. அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்களையும் விட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாதவருக்குப் புத்தகம் மட்டும் போதாதே.

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ விவிலியம் அல்ல, மறைக்கல்வி நூல். இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் அதிகம்.

அடுத்து, விவிலியத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ். 1796 இவருடைய பதிப்பின் ஆண்டு. 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு, இவரிடம் வந்தது. போரில் பிடிபட்ட கருவி வேதம் அச்சிடப் பயன்பட்டது. இதைப் பதிலில் கட்டாயம் எழுதுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் தடையின் தன்மையே மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. சைவ அறிஞர் ஒருவர் விவிலியத் தமிழுக்கு உழைத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் சபைகள் அதை ஏற்கவில்லை. காதுக்குப் பழகிய நடையை விட மக்களுக்கு மனமில்லை. பப்ரிசியஸின் நடையை ஒட்டி ஹென்றி பவர் பாதிரியார் தலைமையில் 1871-இல் வந்த பதிப்புதான் நிலைத்தது. பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் அதுதான் வாசிக்கப்படுகிறது.

1995-இன் திருவிவிலியம் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டாரும் சேர்ந்து உருவாக்கியது. இதற்கு இரண்டு வரி போதும். நேரம் குறைந்தால் பழைய ஏற்பாட்டை 1728-இல் முடித்த மிஷனரி ஷுல்சேயையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரங்கம்பாடியையும் யாழ்ப்பாணத்தையும் மட்டும் சுருக்காதீர்கள்.