கடப்பாசியும் எங்கட கிணறும்

எங்கட கிணத்துத் தண்ணிய ஆரும் குறை சொன்னா அம்மம்மாக்குப் பொறுக்காது. மணல்ல ஊறுற தண்ணி, கண்ணாடி மாதிரி, காய்ச்சத் தேவல்ல எண்டு சொல்லித்தான் எங்களையும் வளத்தவ. வந்தாறுமூலை கெம்பஸ்ல மைக்ரோபயாலஜி படிக்கிற மச்சாள் போன மாரி முடிய வந்து, றிசேர்ச்சுக்கு வேணுமெண்டு ஒரு போத்தல் அள்ளி ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிக் கொண்டு போனாள்.

மறுகா போனுக்குப் படம் ஒண்டு வந்திச்சி. கத்தரிப்பூ நிறத் தட்டுல, பொன்வண்டு முதுகு மாதிரிப் பச்சையா மினுங்குற புள்ளிகள். "மச்சான், இது ஈ.கோலை, உங்கட கக்கூசுக் குழி கிணத்துக்கு வந்திட்டு" எண்டாள். ஈ.கோலை எண்டுறது ஒரு கிருமி, முக்காவாசி நம்மட குடலுக்குள்ள சும்மா இரிக்கிற சாதிதானாம், ஆனா அது தண்ணில நிண்டா மலம் கலந்திட்டு எண்டு அர்த்தம், அதே வழியால நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் வரலாம். குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி விடச் சொல்றாங்க, எங்கட துண்டு வளவுல எங்க விடுற? மாரில நிலத்தடித் தண்ணி ஏறினா ரெண்டும் ஒண்டுதான்.

அந்தத் தட்டுல கிருமி வளர ஊத்தியிரிக்கிற ஜெலி என்ன தெரியுமா, அகார், அதுதான் நோன்புக்குக் காத்தான்குடிக் கூட்டாளி வீட்ட தாற கடப்பாசி! முந்தி ஜெர்மனில கிருமி ஆராய்ச்சி செஞ்ச ரொபர்ட் கோக்கிட ஆக்கள் ஜெலட்டின்ல கிருமி வளத்திருக்காங்க, உடம்புச் சூட்டுக்கே அது உருகி வழிஞ்சிருமாம். 1881ல அங்க வேல செஞ்ச ஒராள்ர மனிசி, ஃபானி ஹெஸ்ஸ, நான் குசினில ஜெலிக்குப் போடுறதப் போட்டுப் பாருங்களன் எண்டிருக்கா. அதுதான் இண்டைக்கும் ஓடுது.

எனக்குச் சுட்டது அடுத்த படம். அந்தக் கிருமியத் தட்டுல பரத்தி, அன்டிபயட்டிக் தோய்ச்ச சின்னக் கடதாசி வட்டங்கள் வெச்சிருக்காள். மருந்து கேட்டா சுத்திவர வெறும் வளையம் விழும். அம்பிசிலின் வட்டத்துக்குக் கிட்ட வளையமே இல்ல, ஒட்டி வளந்து கிடக்கு. ரெண்டு நாள் குளிசை போட்டுட்டு, சுகமெண்டதும் மிச்சத்த அலுமாரில வைக்கிற ஆள் நான், அப்பிடி அரைகுறையாப் போடக்குள்ள தப்புற கிருமிதான் குடல்ல பெருகி, குழிக்குப் போய், கிணத்துக்கும் வருமெண்டு அவள் சொல்லக்குள்ள ஒண்டும் பேசல்ல.

கிணத்த இறைச்சுக் குளோரின் போட்டம். குழி அதே இடத்திலதான், அதால இப்ப காய்ச்சித்தான் குடிக்கிற. அம்மம்மா மட்டும் ஒவ்வொரு மிடறுக்கும் "சப்பெண்டு கிடக்கு மனே" எண்டு முகத்தச் சுளிச்சிக் குடிக்கிறா.