இரண்டு டேபிளா, ஆறு டேபிளா: 40,000 ஹேண்டுக்குப் பிறகு

எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை போன வாரம் முடிந்தது. ஆன்லைன் போக்கரில் ஆறு பேர் ஆடும் நோ லிமிட் ஹோல்டம், ஒரே ஸ்டேக்ஸ் (பந்தய அளவு). முதல் 15,000 ஹேண்ட் (சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்று) ஒரே நேரத்தில் இரண்டு டேபிளில், அடுத்த 25,000 ஆறு டேபிளில். இரண்டு டேபிளில் 750 பிக் பிளைண்ட் லாபம் (பிக் பிளைண்ட் என்பது முறை வரும்போது சீட்டைப் பார்க்குமுன்பே போடும் கட்டாயப் பந்தயம்; லாப நஷ்டத்தை அதில்தான் எண்ணுவோம்). ஆறில் 300 நஷ்டம். ஏறத்தாழ 52 மணி நேரம் கண் எரிய உட்கார்ந்து, மணிக்கு ஆறு பிளைண்ட் வீதம் ஊருக்குத் தானம் செய்திருக்கிறேன்.

என்னை இதில் இறக்கிவிட்டது ஒரு கணக்கு. நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஒரு டேபிளில் மணிக்குச் சுமார் 80 ஹேண்ட் வரும். 100 ஹேண்டுக்கு 5 பிளைண்ட் ஜெயிப்பவனுக்கு இரண்டு டேபிளில் மணிக்கு 8 கிடைக்கும். ஆறு டேபிள் என்றால் 480 ஹேண்ட். கவனம் சிதறி விகிதம் பாதியாகி 2.5க்கு இறங்கினாலும் மணிக்கு 12. ஆக, ஆறுதான் லாபம். பெருக்கலில் தப்பில்லை. விகிதம் பாதியோடு நின்றுவிடும் என்று எவன் சொன்னான்? சின்ன ஸ்டேக்ஸில் ரேக் (ஆட்டத்தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு) போக மிஞ்சுவதே கொஞ்சம். அது பூஜ்யத்துக்குக் கீழே போனதும் இதே பெருக்கல் நஷ்டத்தைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு கசப்பும் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆறு பேர் ஆட்டத்தில் 100 ஹேண்டுக்கான திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியைவிட்டுச் சிதறும் அளவு) 90 பிளைண்ட் என்று வைத்துக்கொண்டால், 15,000 ஹேண்டில் வெறும் அதிர்ஷ்டமே 1,100 பிளைண்ட் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். என் 750 அதற்குள் அடங்கிப்போகிறது. 300 நஷ்டமும் அப்படித்தான். "பத்தாயிரம் ஹேண்ட் ஆடிப் பார்த்தேன், நாலு டேபிள் எனக்குச் செட் ஆகிறது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைத் திருப்பினேன். ஆறு டேபிள் காலத்தில் 50 பிளைண்டுக்கு மேல் இழந்த ஹேண்டுகளை மட்டும் பிரித்து, மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தேன். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தது. டாப் பேரை (பொதுச் சீட்டுகளில் பெரியதோடு சேரும் ஜோடி) வைத்துக்கொண்டு பெட் செய்கிறேன், ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) எதிராளி ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றுகிறார், நான் கால் செய்து ஈடு கொடுக்கிறேன். அவரோ மாதக்கணக்கில் நட்ஸ் (யாராலும் வெல்ல முடியாத சீட்டு) இல்லாமல் வாயே திறக்காத ஆள். அதைவிடக் கொடுமை, அவர்களில் பாதிப் பேர்மேல் நானே குறிப்பு எழுதி வைத்திருந்தேன்! "ரிவர் ரெய்ஸ் என்றால் ஓடு." பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பு நிற்கிறது, நான் பார்க்கவில்லை. வேறு இரண்டு டேபிள்கள் மணி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

எத்தனை டேபிள் என்று முடிவு செய்ய இப்போது நான் நம்புவது ஒரே ஒரு சோதனையைத்தான். இதைத் தவிர மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

போனில் 25 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்ததும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேபிளிலும் உங்கள் இடது பக்கம் இருப்பவர் எப்படிப்பட்டவர்? கடைசியாகப் பெரிய பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) யாருக்குப் போனது? யாரிடம் சிப்ஸ் குறைவு? ஒரு டேபிளுக்கு இவற்றில் இரண்டுக்காவது பதில் வரவில்லை என்றால் அங்கே நீங்கள் சீட்டைப் பார்த்து ஆடுகிறீர்கள், ஆளைப் பார்த்து அல்ல. பிக் பிளைண்ட் வந்ததும் எழுந்துவிடுங்கள். ஆறு டேபிளில் நான் இந்தச் சோதனையை வைத்த முதல் நாள், நாலு டேபிளுக்கு என்னிடம் பதிலே இல்லை.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள்:

– ஜன்னல்களை அடுக்கி வைக்காதீர்கள், பரப்பி வையுங்கள். அடுக்கி வைத்தால் புது ஜன்னல் திடீரென்று முன்னால் குதிக்கும். வேறொரு டேபிளுக்காக அழுத்திய ஃபோல்ட் ஒருமுறை என் ராஜா ஜோடியைக் குப்பையில் போட்டது.
– பரப்ப இடம் போதாத திரை என்றால் டேபிள் அதிகம் என்று அர்த்தம்.
– டைம் பேங்க் (யோசிக்கத் தரும் கூடுதல் நேரம்) அடிக்கடி தீர்ந்தால் ஒரு டேபிளை மூடுங்கள்.
– ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. நான் இரண்டிலிருந்து ஆறுக்குத் தாவினேன்.
– ஸ்டேக்ஸையும் டேபிளையும் ஒரே வாரத்தில் ஏற்றாதீர்கள்.
– ஒரு டேபிளில் அடி வாங்கிய கோபம் மற்ற ஐந்துக்கும் பரவும். டில்ட்டும் (கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவது) ஆறு மடங்கு.
– உங்கள் பகுதியில் பணம் வைத்து ஆடச் சட்டம் விடவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

உடனே யாராவது போக்கர் வீரர் ராண்டி லூவை இழுப்பார்கள். 2012இல் எட்டு மணி நேரத்தில் 23,493 ஹேண்ட் ஆடிக் கின்னஸ் சாதனை செய்தவர். சரி, உண்மைதான். நான் வாரக்கணக்கில் ஆடியதை அவர் ஒரே அமர்வில் ஆடிவிட்டார். முடிவில் அவர் கையில் நின்ற லாபம் எவ்வளவு தெரியுமா? 7.65 டாலர். லாபத்தில் முடித்தால் போதும் என்பதுதான் அங்கே கணக்கு.

நான் மெதுவாக யோசிக்கிற ஆள், அதனால் என் அறிவுரையும் அந்தப் பக்கம்தான் சாயும். என் நண்பன் ஒருவனுக்கு நேர் எதிர் சுபாவம். ஒரு டேபிள் மட்டும் போட்டால் அவனுக்கு அலுத்துவிடும், அலுப்பில் ஒன்பது–நான்கு போன்ற சீட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு உள்ளே போவான். நாலு டேபிள் போட்டால் குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல சீட்டுக்குக் காத்திருக்கிறான். அவனுக்கு அதுதான் மருந்து. அலாரம் சோதனையைச் சொன்னேன், "இது என்ன பள்ளிக்கூடமா?" என்றான். ஆனால் இரண்டு நாள் கழித்து அவனே, மூன்று டேபிள்வரை பதில் வருகிறது என்று ஒப்புக்கொண்டான்.

இந்த வாரம் நான் மூன்று டேபிள் முயன்று பார்க்கிறேன். நேற்று இரவு இரண்டாவது அலாரம் அடித்தபோது முதல் இரண்டுக்கும் பதில் கடகடவென்று வந்தது. மூன்றாவதில் எனக்கு இடது பக்கம் யார் இருந்தார் என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த நாற்காலி கொஞ்ச நேரமாகக் காலியாகவே இருந்திருக்கிறது. பிளைண்ட் வரும்வரை காத்திருந்து மூடிவிட்டேன்.