கைரேகையில் தொடங்கிய டிசம்பர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சமூக மண்டபத்தில் பள்ளி விடுமுறை முகாமுக்கு உதவியாளர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பிள்ளைகள் என்றால் எனக்குப் பிரியம், அஞ்சாங்கல்லும் ஏழாங்கல்லும் ஆடி வளர்ந்தவள். அது போதும் என்றுதான் நினைத்தேன்.

போதவில்லை. இங்கே பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டுமானால் காவல்துறைச் சான்று வேண்டும். அப்புறம் படிவம் 30. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று முடிவானவர்களின் பெயர்கள் ஒரு தேசியப் பதிவேட்டில் இருக்கும். அதில் நம் பெயர் இல்லை என்று உறுதி வாங்குவதற்கான படிவம் அது. பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் இல்லை என்பதற்குத் தனியாக இன்னொரு சான்று.

காவல்துறைச் சான்றுக்குக் கைரேகை எடுக்கும்போது விரலை நாமாக அழுத்தக்கூடாது. தளர விட்டால், அவர்களே நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டி எடுப்பார்கள். என் இடது சுண்டுவிரல் இரண்டு தடவை கலங்கி, மூன்றாவது தடவைதான் பதிந்தது.

சிக்கல் வந்தது பெயரில். இந்தியப் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். இங்கே கல்யாணத்துக்குப் பின் கணவரின் குடும்பப் பெயர். ஒரு படிவத்தில் ‘முந்தைய குடும்பப் பெயர்’ என்றிருந்த கட்டத்தை, நமக்கு ஏது அது, இனிஷியல்தானே என்று காலியாக விட்டேன். ஐந்து வாரம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. அலுவலகத்தில் ஒருவரும் காரணம் சொல்லவில்லை. நானே படிவத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக் கண்டுபிடித்தேன். நம் ஊரிலிருந்து வந்து விண்ணப்பிக்கும் பெண்கள் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதி, திருமணச் சான்றின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

முதலுதவிப் பயிற்சியும் முடித்து, டிசம்பரில் பள்ளி மூடியதும் சேர்ந்தேன். நாற்பது பிள்ளைகள், பாதிப் பேர் ஜூலு வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களின் முன்னோர் 1860க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். தமிழ் பேச்சில் இல்லை, ஆனால் பாட்டியை இன்னும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வெயில் நாளில் வேலை எளிது. மழை நாளில்தான் திணறினேன். மைதானம் போய்விட்டால் ஒரு மண்டபத்துக்குள் நாற்பது பேரை எப்படி வைத்திருப்பது? பின்னறையில் முதியவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் பெயர் தூனி. நம் ‘தண்ணி’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். எட்டிப் பார்த்தால் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எங்கள் மாமாக்கள் திண்ணையில் ஆடிய முன்னூற்றி நாலு சீட்டாட்டத்தின் அதே கணக்கு! கண் கலங்கிவிட்டது. தாத்தாக்களிடம் கேட்டு, பெரிய பிள்ளைகள் எட்டுப் பேரை அவர்களோடு உட்கார வைத்தேன். மழை நின்ற பிறகும் அவர்கள் எழுந்து வரவில்லை.

ஒரு மாலை, ஆறு வயதுப் பையன் ஒருவனை அழைத்துப்போக ஒருவர் வந்தார். சித்தப்பா என்றார். பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பையனும் அவரைப் பார்த்துச் சிரித்தான். இருந்தாலும் அனுப்பவில்லை. அவர் சத்தம் போட்டார். எனக்குக் கை நடுங்கியது. நான் யாரென்று பார்க்க என் பத்து விரலையும் உருட்டி வாங்கியவர்கள், இந்தக் குழந்தையை யாரிடம் கொடுக்கிறேன் என்று நான் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே வாங்கினார்கள்? வாசலை விட்டு நகரவில்லை. பையன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் ஆயா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சத்தம் போட்டவர் நிஜமாகவே சித்தப்பாதான். ஆயா கையெழுத்துப் போட்டுவிட்டு, மகன் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். சித்தப்பா தாமாகவே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.